வருஷச் சாமான் வாங்கும் காலம்: வீட்டு மளிகையை மொத்தமாக வாங்க ஒரு முழு வழிகாட்டி

மாசி பிறந்துவிட்டால் மளிகை மண்டிகளில் லோடு இறங்கும் வேகம் கூடிவிடும். புதுப்புளி, புது மிளகாய் வற்றல், புது மல்லி, புதுத் துவரம் பருப்பு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும் மாதங்கள் மாசி, பங்குனி, சித்திரை. மொட்டை மாடியில் வெயில் உறைக்கத் தொடங்குவதும் அப்போதுதான். சரக்கும் வெயிலும் சேர்ந்து கிடைக்கும் இந்த மூன்று மாதத்தை விட்டுவிட்டு, ஐப்பசி மழையில் தீபாவளித் தள்ளுபடிக்காக மூட்டை தூக்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

மொத்தமாக வாங்கும்போது கடைக்காரர் குறைக்கிற விலை கொஞ்சம்தான். எந்தச் சாமானை எந்த மாதத்தில், எத்தனை மாதத்துக்கு வாங்குகிறோம், வீட்டில் எப்படி வைக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அந்த லாபம் கையில் நிற்கும். நான்கு பேர் இருக்கும், தினமும் சமையல் நடக்கும் ஒரு தமிழ்நாட்டு வீட்டை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டு ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

1. வீட்டுச் செலவை அளந்து பாருங்கள்

"மாசம் எவ்வளவு பருப்பு ஆகும்?" என்று கேட்டால் பெரும்பாலான வீடுகளில் "ரெண்டு கிலோ இருக்கும், மூணு கிலோ இருக்கும்" என்றுதான் பதில் வரும். மாதாமாதம் வாங்கும்போது இந்தக் குத்துமதிப்பு போதும். ஒரு வருஷத்துக்கு வாங்கும்போது மாதம் ஒரு கிலோ தவறினால் ஆண்டுக் கடைசியில் 12 கிலோ மிஞ்சிக் கிடக்கும்.

இதற்கு நோட்டு, ஆப் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு பாக்கெட்டையும் டப்பாவில் கொட்டும்போது டப்பாவின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி, தேதியையும் எடையையும் எழுதுங்கள். தீர்ந்ததும் அந்தத் தேதியை அடியில் எழுதுங்கள். இரண்டு மாதம் இப்படிச் செய்தால் கணக்கு தானாகத் தெரிந்துவிடும். அந்த இரண்டு மாதத்தில் விரதம், விருந்தாளி, பள்ளி விடுமுறை என்று ஏதாவது வந்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். மே மாதத்தில் பிள்ளைகள் வீட்டில் இருக்கும்போது இட்லி அரிசியும் உளுந்தும் எவ்வளவு வேகமாகக் கரையும் என்பது சமைக்கிறவர்களுக்குத் தெரியும்.

எண்ணெய்க்கு மட்டும் ஒரு பொது அளவு சொல்லலாம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் வரை எண்ணெய் என்கிறது. நான்கு பேருக்கு மாதம் மூன்று கிலோ சுமார். உங்கள் வீட்டில் ஐந்து, ஆறு கிலோ போகிறது என்றால் மொத்தமாக வாங்குவதற்கு முன் சரிசெய்ய வேண்டியது அதுதான். டின்னாக வீட்டில் எண்ணெய் இருந்தால் கை தாராளமாகும்.

2. ரேஷனைக் கழியுங்கள்

பலர் விட்டுவிடுகிற படி இது. அரிசி வாங்கும் அட்டை இருந்தால் ரேஷன் கடையில் அரிசி இலவசம். துவரம் பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய். சர்க்கரையும் வெளிக்கடையைவிட மலிவு. வீட்டில் மாதம் இரண்டு கிலோ துவரம் பருப்பு செலவாகிறது, அதில் ஒரு கிலோ ரேஷனில் வருகிறது என்றால், நீங்கள் வெளியே வாங்க வேண்டியது வருஷத்துக்கு 12 கிலோ மட்டும். இந்தக் கழிவைப் போடாமல் 25 கிலோ வாங்கி வைத்தால் பாதி அடுத்த மாசிவரை அப்படியே கிடக்கும்.

ரேஷன் அரிசியைச் சோற்றுக்கு வைக்காதவர்கள் அதை இட்லிக்கும் தோசைக்கும் கலந்துகொள்ளலாம். அப்படிச் செய்கிற வீடுகளில் இட்லி அரிசி வாங்கும் அளவு பாதியாகக் குறையும்.

3. சாமான்களை மூன்றாகப் பிரியுங்கள்

எல்லாவற்றையும் மொத்தமாக வாங்குவது மொத்தக்கடைக்காரருக்குத்தான் நல்லது. பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் நேராக வருஷம், மூன்று மாதம், மாதம் என்று எழுதுங்கள்.

வருஷத்துக்கு வாங்கலாம் என்று நான் சொல்வது புளி, மிளகாய் வற்றல், மல்லி, விரலி மஞ்சள், உடைத்த துவரம் பருப்பு, மிளகு, கடுகு, வெந்தயம். இவை முழுசாக, காய்ந்த நிலையில் இருந்தால் ஒரு வருஷம் தாங்கும். சீரகம், சோம்பு கெட்டுப்போகாது, ஆனால் வாசம் போய்விடும். அவை ஆறு மாதத்துக்கு மேல் வேண்டாம்.

மூன்று மாதத்துக்கு அரிசி, உளுந்து, கடலைப் பருப்பு, பாசிப்பருப்பு, எண்ணெய். உளுந்தைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய உளுந்து ஊறும், அரைபடும், ஆனால் காணாது. கிரைண்டரில் பொங்கி வர வேண்டிய மாவு அடியிலேயே கிடக்கும், இட்லி தட்டையாக வரும். அளவைக் கூட்டிப் போட்டுச் சமாளித்தால் விலையில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் உளுந்தை வருஷத்துக்கு வாங்காதீர்கள்.

மாதம் மட்டும்: ரவை, மைதா, கோதுமை மாவு, சேமியா, அவல், பொட்டுக்கடலை, நிலக்கடலை, முந்திரி. மாவுப் பொருளில் வண்டு சீக்கிரம் பிடிக்கும், பிடித்தால் சலித்தாலும் வாடை போகாது. கொட்டை வகைகளில் எண்ணெய்ச் சத்து அதிகம் என்பதால் காறல் வாடை வந்துவிடும். நிலக்கடலையில் ஈரம் சேர்ந்தால் பூஞ்சை நச்சும் சேரும். கைக்குத்தல் அரிசி, தீட்டாத சாமை, தினை, வரகு ஆகியவையும் இந்தக் கணக்கில்தான் வரும். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் அவை வெள்ளை அரிசி போல நாள்படத் தாங்குவதில்லை.

முழுப்பயறு வகைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். பச்சைப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, மொச்சை இவற்றில் பிடிக்கும் பயறு வண்டு பெரும்பாலும் வயலிலேயே முட்டையிட்டுவிடுகிறது. உங்கள் டப்பா எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் முட்டை சரக்கோடு சேர்ந்து வீட்டுக்குள் வரும். உடைத்த பருப்பில் அந்த வண்டு அவ்வளவாக வளராது. துவரம் பருப்பை வருஷத்துக்கு வாங்கச் சொல்லி, முழுப்பயறை மாதத்துக்கு வாங்கச் சொல்வது இதனால்தான்.

4. எந்த மாதத்தில் எது

தை, மாசியில் மஞ்சள். ஈரோட்டுச் சந்தைக்குப் புது மஞ்சள் வரத் தொடங்கும் காலம் அது. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சமையலுக்கு விரலி மஞ்சள் வாங்கி, மில்லில் கொடுத்து அரைத்துக்கொண்டால் கலப்படப் பயம் குறையும். நான்கு பேருக்கு வருஷத்துக்கு அரை கிலோ, ஒரு கிலோ போதும்.

மாசி, பங்குனியில் புளி. புதுப்புளி வெளிர் நிறத்தில் இருக்கும், நாளாக நாளாகக் கறுக்கும். கறுத்த புளிதான் ரசத்துக்கு நல்லது என்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் புதுப்புளியை வாங்கி வீட்டில் பழசாக்கிக்கொள்ளலாம், கடையில் பழசை வாங்கினால் அது எத்தனை மழை பார்த்தது என்று தெரியாது. கொட்டையோடு வாங்குவதா, கொட்டை எடுத்ததை வாங்குவதா என்பது அடுத்த கேள்வி. கொட்டைப்புளியில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கொட்டையும் நாருமாகப் போய்விடும். ஆகவே கொட்டை எடுத்த புளியின் விலை கொட்டைப்புளியைப் போல ஒன்றரை மடங்குக்குள் இருந்தால் கொட்டை எடுத்ததையே வாங்குங்கள். அதற்கு மேல் என்றால் வீட்டில் உட்கார்ந்து எடுக்கும் உழைப்புக்கு அர்த்தம் உண்டு.

மாசியிலிருந்து சித்திரைவரை மிளகாய் வற்றல். இராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. குண்டாக, தோல் தடித்து இருக்கும், தாளிக்கவும் சட்னிக்கும் அதற்கு ஈடு இல்லை. சாம்பார்ப் பொடிக்குக் காரம் கொடுப்பது நீட்டு மிளகாய், அதாவது சம்பா. நிறம் வேண்டுமானால் கர்நாடகத்துப் பியாட்கியில் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். மூன்றையும் ஒரே சாக்கில் போட்டு வைக்காதீர்கள். மல்லி ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், குஜராத்திலிருந்தும், சீரகம் குஜராத், ராஜஸ்தானிலிருந்தும் வருபவை. அங்கேயும் அறுவடை மாசி, பங்குனியில்தான்.

துவரம் பருப்பு கர்நாடகத்தின் கலபுரகி, மகாராஷ்டிரத்தின் லாத்தூர் பகுதிகளில் மார்கழி, தையில் அறுவடையாகி, ஆலையில் உடைபட்டு மாசிக்கு மேல் நம் ஊர் மண்டிக்கு வரும். தென்மாவட்டங்களில் செம்மண் கட்டிக் காயவைத்து உடைத்த நாட்டுத் துவரம் பருப்பு கிடைத்தால் விடாதீர்கள், சாம்பாரின் வாசமே வேறு. மண் கட்டிய துவரை வண்டையும் நன்றாகத் தாங்கும். காவிரி டெல்டாவில் நெல் தரிசில் விதைத்த உளுந்து பங்குனியில் வரும்.

வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் தையில் பொங்கலை ஒட்டி நிறைய வரும். இரண்டு, மூன்று மாதத்துக்கு வாங்கலாம். மழைக்காலத்துக்கு முன் தீர்த்துவிட வேண்டும், ஈரக்காற்றில் வெல்லம் கசிந்துவிடும்.

விலை ஏறுகிறது என்ற பயத்தில் மட்டும் மூட்டை வாங்காதீர்கள். 2015 தீபாவளி சமயத்தில் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது. இன்னும் ஏறும் என்று அன்றைக்கு வாங்கிக் குவித்தவர்கள் உண்டு. விளைச்சல் பெருகியதும் 2017இல் விலை படுத்துவிட்டது. உச்ச விலையில் ஒரு மாதத்துக்கு மட்டும் வாங்குங்கள், வரத்துக் காலத்தில் வருஷத்துக்கு வாங்குங்கள்.

5. விலையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

வாரந்தோறும் தமிழ் நாளிதழ்களில் விருதுநகர் மார்க்கெட் நிலவரம் வரும். பருப்பு, மிளகாய் வற்றல், மல்லி எல்லாம் மூட்டை விலையிலும், எண்ணெய் 15 கிலோ டின் விலையிலும் இருக்கும். மூட்டை என்றால் எத்தனை கிலோ என்பதையும் சேர்த்துப் பாருங்கள், பெரும்பாலும் 100 கிலோ. அதை 100ஆல் வகுத்தால் மண்டியின் கிலோ விலை. உங்கள் தெருக்கடை விலைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் மிச்சம் பிடிக்கக்கூடிய அதிகபட்சம். நான்கு வாரம் தொடர்ந்து பார்த்தால் விலை இறங்குமுகமா ஏறுமுகமா என்று பிடிபடும்.

பிறகு வண்டிச் சத்தம், அதாவது வண்டி வாடகை. எடுத்துக்காட்டாக, துவரம் பருப்பில் கிலோவுக்கு 12 ரூபாய் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். 12 கிலோவுக்கு 144 ரூபாய். அதற்காக 300 ரூபாய் ஆட்டோவில் போய் வந்தால் என்ன மிச்சம்? ஒரே நடையில் வருஷச் சாமான் மொத்தத்தையும் வாங்க வேண்டும், அல்லது மூன்று வீடுகள் சேர வேண்டும். அக்கம்பக்கத்து வீடு, நாத்தனார் வீடு, அடுக்குமாடியில் எதிர்வீடு என்று சேர்ந்தால் 50 கிலோ மூட்டையைப் பிரிக்காமல் மூட்டை விலைக்கே வாங்கலாம். வீட்டுக்கு வந்து எல்லோர் முன்னாலும் தராசு வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள், உறவும் கெடாது.

சூப்பர் மார்க்கெட்டில் வாங்கினால் ஒரு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு என்ன விலை என்று பாக்கெட்டிலேயே சின்ன எழுத்தில் அச்சிட்டிருக்கும். அதைப் பாருங்கள். பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்று எந்தச் சட்டமும் இல்லை.

6. எங்கே, எப்போது போவது

சென்னையில் கொத்தவால்சாவடியும் கோயம்பேடு உணவு தானிய அங்காடியும், மதுரையில் கீழமாசி வீதி, திருச்சியில் காந்தி மார்க்கெட், சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை லீ பஜார், கோவையில் ரங்கே கவுடர் வீதி. இந்த இடங்களில் மூட்டைக்குக் குறையாமல் கொடுக்கும் மண்டிகளும் உண்டு, அவற்றின் பக்கத்திலேயே ஐந்து கிலோவிலிருந்து கொடுக்கும் கடைகளும் உண்டு. வீட்டுக்கு வாங்குகிறவர்களுக்கு இரண்டாவது வகைதான் சரி. மாதத்தின் முதல் பத்து நாளும், தீபாவளி, பொங்கலுக்கு முந்தின இரண்டு வாரமும் வேண்டாம். கூட்டத்தில் கடைக்காரருக்குச் சரக்கைக் காட்ட நேரம் இருக்காது. வாரத்தின் நடுவில், காலை பதினொரு மணிக்குள் போங்கள்.

7. கடையில் நின்று சரக்கைப் பாருங்கள்

மேலே பரப்பி வைத்திருக்கும் பருப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். "அண்ணாச்சி, மூட்டையில இருந்து கொஞ்சம் காட்டுங்க" என்று கேளுங்கள். குத்தூசியை மூட்டையின் நடுவில் சொருகினால் அதன் குழிவு வழியாகப் பருப்பு சறுக்கிக்கொண்டு உள்ளங்கையில் வந்து விழும். அந்த ஒரு கைப்பிடியில் பாதிச் செய்தி இருக்கிறது. விரலால் கிளறிவிட்டு மறுபடி மூட்டைக்கே போடச் சொல்லுங்கள், உள்ளங்கையைப் பாருங்கள். வெள்ளையாக மாவு ஒட்டியிருந்தால் உள்ளே வண்டு வேலை செய்துகொண்டிருக்கிறது. ஒன்றைக் கடித்துப் பாருங்கள், 'டக்' என்று இரண்டாக உடைய வேண்டும். பல் பதிந்து நசுங்கினால் ஈரம் இருக்கிறது, அதை வருஷத்துக்கு வைக்க முடியாது.

"புதுசா, பழசா அண்ணாச்சி?"

"புதுசுதாம்மா, போன வாரம் இறங்குன லோடு."

இதோடு விட்டுவிடாமல் பில்லில் ரகத்தின் பெயரையும் விலையையும் எழுதி வாங்குங்கள். நல்ல கடைக்காரர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

துவரம் பருப்பில் கேசரிப் பருப்பு கலந்திருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். துவரை உருண்டையாக இருக்கும், கேசரி ஒரு பக்கம் சரிந்து, ஆப்பு போலக் கோணலாக இருக்கும். அதைத் தொடர்ந்து சாப்பிட்டால் கால் முடங்கும் நோய் வரும். அதிகமாகப் பளபளக்கும் பருப்பையும் தவிர்க்கலாம். வீட்டுக்கு வந்து ஒரு பிடியை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டதும் தண்ணீர் அடர் மஞ்சளாக மாறினால் சாயம் ஏற்றியிருக்கிறார்கள், திருப்பிக் கொடுங்கள்.

மிளகாயைக் காதருகே வைத்துக் குலுக்கினால் விதை கலகலக்க வேண்டும். வளைத்தால் ஒடிய வேண்டும். காம்பை ஒட்டிய இடத்தில் சாம்பல் நிறமோ கறுப்போ தெரிந்தால் பூஞ்சை. உடைத்து உள்ளே பாருங்கள், வெளியே சிவப்பாக இருந்தாலும் உள்ளே பஞ்சு போல வெளுத்திருக்கும் வற்றல் உண்டு. மல்லியை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தால் வாசம் மூக்கில் ஏற வேண்டும்.

உளுந்தை எந்தக் கடையிலும் பார்வையால் மட்டும் நம்பி வாங்காதீர்கள். அரை கிலோ வாங்கி, ஒரு தடவை அரைத்துப் பார்த்து, மாவு கண்டால் அடுத்த நாள் போய் அதே மூட்டையில் மீதியை வாங்குங்கள்.

எடையில் இரண்டு விஷயம். தராசில் எடையளவுத் துறையின் முத்திரை இருக்க வேண்டும், சாக்கின் எடையைக் கழித்திருக்க வேண்டும். இரண்டையும் வெட்கப்படாமல் கேளுங்கள்.

8. அரிசி

அரிசியில் பழசுக்குத்தான் மதிப்பு. அறுவடையாகி ஆறு மாதம், ஒரு வருஷம் ஆன அரிசி தண்ணீர் நிறைய வாங்கி, உதிரியாகச் சோறு வரும், ஒரு படி கூடக் காணும். புது அரிசி குழையும். டெல்டாவில் சம்பா அறுவடை தை, மாசியில் முடிவதால் அதற்குப் பிறகு மூட்டைகளில் புது அரிசி கலந்து வரும். மாசி, பங்குனியில் எல்லாவற்றையும் வாங்கச் சொன்ன நான் அரிசியை மட்டும் கவனமாக வாங்கச் சொல்வேன். "பழையது" என்று சொல்லிக் கொடுத்தாலும் இரண்டு கிலோ வாங்கி வடித்துப் பாருங்கள். அப்புறம் சிப்பமாக, அதாவது மூட்டையாக எடுக்கலாம்.

மண்ணச்சநல்லூர், ஆரணி, காங்கேயம், செங்குன்றம் போல ஆலைகள் நிறைந்த ஊர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் ஆலையிலேயே கேட்கலாம். மூட்டைகள் இப்போது 26 கிலோவாக வருவதைக் கவனித்திருப்பீர்கள். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோவரை பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது, அதைத் தாண்ட ஆலைகள் ஒரு கிலோ கூட்டிக் கட்டுகின்றன. ஆகவே இரண்டு கடை விலையை ஒப்பிடும்போது மூட்டை விலையைப் பார்க்காமல் கிலோ விலையாக மாற்றிப் பாருங்கள்.

புழுங்கலரிசி பச்சரிசியைவிட நாள் தாங்கும். பச்சரிசி மாதத்துக்கு மாதம் போதும்.

9. எண்ணெய்

டின் வாங்கும்போது கிலோவா, லிட்டரா என்று பார்ப்பதே முதல் வேலை. ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம்தான். 15 கிலோ டின்னில் ஏறக்குறைய பதினாறரை லிட்டர் இருக்கும், 15 லிட்டர் டின்னில் 13.65 கிலோதான் இருக்கும். இரண்டும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும், வித்தியாசம் ஒன்றரை லிட்டர்.

செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயை மூன்று மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். நல்லெண்ணெய் இன்னும் கொஞ்சம் தாங்கும், எள்ளிலேயே எண்ணெயைக் காறவிடாத பொருள் இருக்கிறது. டின்னைத் திறந்ததும் சின்னச் சின்ன எவர்சில்வர் தூக்கில் முழுக்க நிரப்பி மூடி, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். ஒன்று தீர்ந்த பிறகு அடுத்ததைத் திறக்கலாம். பாதி காலியான டின்னில் நிற்கும் காற்றுதான் எண்ணெயைக் கெடுக்கும்.

10. காயவைப்பது

வாங்கி வந்த அன்றைக்கே டப்பாவில் அடைக்கக் கூடாது. முதலில் சலித்து, சொளகில் புடைத்து, கல், தூசு, நொறுங்கல் எல்லாம் எடுத்துவிடுங்கள். மாடியில் பழைய வெள்ளை வேட்டியை விரித்து மெல்லிசாகப் பரப்புங்கள், விரல் பருமனுக்கு மேல் வேண்டாம். பருப்புக்கு இரண்டு நல்ல வெயில், மிளகாய்க்கு மூன்று, மல்லிக்கு ஒன்றரை. நடுவில் இரண்டு மூன்று தடவை கிளறிவிட வேண்டும். மாலை நான்கு மணிக்குள் அள்ளிவிடுங்கள், பனி இறங்க விட்டால் பகல் முழுக்கக் காய்ந்தது வீண்.

அள்ளியதும் சூடாகவே அடைக்காதீர்கள். வீட்டுக்குள் நிழலில் பரப்பி, கை வைத்தால் சூடு தெரியாத அளவுக்கு ஆறிய பிறகுதான் டப்பாவில் போட வேண்டும். சூட்டோடு மூடினால் இரவில் டப்பாவின் உள்சுவரில் நீர் கோத்து, அதிலிருந்து பூஞ்சை தொடங்கும்.

அரிசியை மட்டும் வெயிலில் போடாதீர்கள். விரிசல் விட்டு, வடிக்கும்போது நொறுங்கிப்போகும். நிழலில் ஃபேன் காற்றில் ஆற்றினால் போதும்.

மாடி இல்லாத அடுக்குமாடி வீட்டுக்காரர்களுக்கு ஃப்ரீசர்தான் வெயில். பருப்பை ஒரு ஒரு கிலோவாகக் காற்றுப்புகாத பையில் கட்டி, நான்கு நாள் ஃப்ரீசரில் வையுங்கள். முட்டையும் புழுவும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் உடனே பையைப் பிரிக்காமல், முழுக்க அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரியுங்கள். இல்லையென்றால் குளிர்ந்த பருப்பின் மேல் ஈரம் படியும்.

11. அடைத்து வைப்பது

பெரிய டிரம் ஒன்று, அடுப்பங்கரைக்குச் சின்ன டப்பா ஒன்று. பெரியதை மாதம் ஒரு தடவை மட்டும் திறக்க வேண்டும், காய்ந்த கையோடு, காய்ந்த கரண்டியோடு. டிரம்மைக் கழுத்துவரை நிரப்புங்கள், உள்ளே காற்று குறைவாக இருந்தால் வண்டும் குறைவு. பெயின்ட் வாளியில் சாப்பாட்டுப் பொருள் வேண்டாம்.

துவரம் பருப்புக்கும் முழுப்பயறுக்கும் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெய் தடவிப் பிசறி வைப்பது பழைய முறை, இன்றைக்கும் அதைவிட நல்லதைப் பார்க்கவில்லை. சமைக்கும்போது வெந்நீரில் ஒரு தடவை கழுவினால் போய்விடும். வசம்புத் துண்டு, காய்ந்த வேப்பிலை, நாலு மிளகாய் வற்றல் போடலாம். இவை புதிதாக வண்டு வராமல் தடுக்க உதவும், ஏற்கெனவே உள்ளே இருக்கும் முட்டையை ஒன்றும் செய்யாது.

அரிசியில் போரிக் பவுடர் கலக்கும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது, விட்டுவிடுங்கள். கிடங்குகளில் வைக்கும் வண்டு மாத்திரையை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. அது வெளிவிடும் பாஸ்பீன் வாயு பூட்டிய அறையில் தூங்குகிறவர்களைக் கொன்றுவிடும். யார் சொன்னாலும், ஒரே ஒரு மாத்திரைதான் என்றாலும் வேண்டாம்.

புளியைக் கொட்டையும் நாரும் எடுத்து, ஒரு வெயில் காட்டி, ஜாடியிலோ மண்பானையிலோ ஒரு அடுக்குப் புளி, ஒரு பிடி கல்லுப்பு என்று மாற்றி மாற்றி அமுக்கி வையுங்கள். உலோகப் பாத்திரம் புளிக்கு ஆகாது, அரித்துவிடும். மிளகாய், மல்லியை முழுசாகவே வையுங்கள். சாம்பார்ப் பொடியை இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அவ்வப்போது அரைத்துக்கொண்டால்தான் வாசம் நிற்கும்.

டிரம்களைத் தரையில் வைக்காமல் பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி வெள்ளத்திலும் தரைத்தள வீடுகளில் தண்ணீர் புகுந்தது. தாழ்வான பகுதியில் குடியிருந்தால் வருஷச் சாமானைப் பரண்மேல் ஏற்றிவிடுங்கள், அல்லது ஐப்பசிக்கு மேல் இரண்டு மாதச் சாமானுக்கு மேல் வீட்டில் இல்லாதபடி கணக்குப் போட்டு வாங்குங்கள்.

12. வண்டு விழுந்தால்

எவ்வளவு செய்தாலும் ஒரு டப்பாவில் விழும். பார்த்த அன்றைக்கே அந்த டப்பாவை மற்றவற்றிலிருந்து பிரித்துத் தள்ளி வையுங்கள். பருப்பு என்றால் சலித்து, ஒரு வெயில் காட்டி, அதை முதலில் தீர்த்துவிடுங்கள். அரிசி என்றால் நிழலில் பரப்பினால் வண்டு தானாக ஓடும், புடைத்துவிட்டுச் சமைக்கலாம். நூலாம்படை போலக் கட்டிக்கொண்டு கட்டி கட்டியாக இருந்தாலோ, பூஞ்சை வாடை வந்தாலோ, எத்தனை கிலோ ஆனாலும் கொட்டிவிடுங்கள், மாட்டுக்கும் கோழிக்கும் கூடப் போட வேண்டாம். காலியான டிரம்மைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு முழு நாள் வெயிலில் கவிழ்த்து வைத்து, மூடியின் விளிம்பில் ஒட்டியிருக்கும் பழைய மாவைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தெடுங்கள். அடுத்த வண்டு அந்த விளிம்பிலிருந்துதான் வரும்.